மஞ்சப்பைக்குள் அடங்குகிற ஆட்டங்கள்

நான் திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்து விற்கிறவன். பனியன் கம்பெனிகளுக்கு மூன்று பிளை, ஐந்து பிளைப் பெட்டிகள் போடுகிறேன், பிளை என்றால் அடுக்கு. எந்தப் பெட்டியைக் கண்டாலும் கை தானாக அளவு டேப்பைத் தேடும். முதன்முதலாக ஒரு போர்டு கேம் வாங்கி வந்து பிரித்த அன்றும் அதைத்தான் செய்தேன். ஓரடிக்கு ஓரடி, உயரம் மூன்று அங்குலம். உள்ளே இருந்த சீட்டும் வில்லைகளும் ஒரு சோப்பு டப்பாவில் அடங்கின. மீதி அத்தனையும் காற்று. எங்கள் தொழிலில் இப்படிப் பெட்டி போட்டுக் கொடுத்தால் கன்டெய்னர் வாடகை கட்டுகிறவர் பில்லைக் கிழித்து முகத்தில் எறிவார்.

கடை அலமாரியில் எடுப்பாகத் தெரிவதற்காகப் போட்ட பெட்டி அது. ஆகவே ஊருக்கு எடுத்துப் போக ஆட்டம் தேடுகிறவர்கள் பெட்டியின் அளவைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, அதை எங்கே விரிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு மற்றதை டிபன் டப்பாவுக்கு மாற்றிவிடலாம். பெட்டி விற்பவனே சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் வருடத்தில் ஒருமுறையாவது மூன்று நாள் எங்காவது போய்வருவோம். ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி எல்லாம் சுற்றிவிட்டு இப்போது பெரும்பாலும் வால்பாறை. அங்கே இருட்டியபின் வெளியே நடக்கக் கூடாது. சிறுத்தை நடமாடுகிற தேயிலைக்காடு. தங்குமிடத்தில் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். கைப்பேசியில் சிக்னல் வந்தால் வந்தது. ஆறரை மணிக்கு அறைக்குள் நுழைந்தால் சாப்பாடு வருகிற எட்டரை வரை வேறு வேலை இல்லை. முதல் வருடம் அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டுக் கடன், என் தம்பி கல்யாணச் செலவு, யார் அம்மாவுக்கு யார் போன் செய்யவில்லை என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தோம். அடுத்த முறை விளையாட ஏதாவது எடுத்துப் போகலாம் என்று இருவருக்குமே தோன்றிவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது உட்காரும் விதம். பஸ்ஸிலும் ரயில் சேர் காரிலும் கணவன் மனைவி பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள், எதிரெதிரே அல்ல. கையில் சீட்டை மறைத்துப் பிடிக்கிற ஆட்டம் எதுவும் அங்கே ஆகாது. சற்றே கழுத்தைத் திருப்பினால் போதும், எதிராளியின் கைச்சீட்டு அத்தனையும் தெரியும். பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். பயணத்தின்போது விளையாட வேண்டுமானால் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஆட்டமாக எடுங்கள். அதுவும் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரைதான். அதற்கு மேல் நாற்பது கொண்டை ஊசி வளைவு. குனிந்து காய் நகர்த்தினால் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் எதிரெதிர் இருக்கைகள் உண்டுதான். ஆனால் 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் போல எடுத்துக்கொள்கிற அந்த ரயிலில், கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளத்தைப் பிடித்து வண்டி ஏறும்போது மடியில் சீட்டை விரித்து வைத்திருக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. திருமூர்த்தி அணைக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டை விரித்தோம். மூன்றாவது சுற்றில் சிவப்பு ஏழு எழுந்து போய் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் தயிர்சாதத்தில் உட்கார்ந்தது. வெளியில் விளையாடுவதாக இருந்தால் கனமான காய் உள்ள ஆட்டம். சீட்டு அறைக்குள்தான்.

வெளிச்சத்தையும் யாரும் யோசிப்பதில்லை. மலைத் தங்குமிடங்களில் மஞ்சள் பல்பு. கரண்ட் போனால் டார்ச். அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும், நீலமும் பச்சையும் குழப்பும். நிறத்தை மட்டும் நம்பியிருக்கிற ஆட்டமா, நிறத்தோடு படமோ குறியோ சேர்ந்திருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இரவில் படுக்கையறை விளக்கை மட்டும் போட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈரம் என் சொந்த விஷயம். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் நான் போடும் பெட்டியே பலம் குறைந்து தொய்யும். ஜூலையில் வால்பாறைக்குக் கொண்டுபோன சீட்டு இரண்டாம் நாளே வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வளைந்த சீட்டால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஒரு கண் விட்டுப்போயிருந்தால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லுவாள். கவிழ்த்து வைத்திருந்த கட்டைப் பார்த்து, "ஏனுங்க, மேலே இருப்பது பச்சை ஒன்பது. நீங்கள் எடுக்காதீர்கள், எனக்கு வேண்டும்" என்றாள். வலது மூலையில் ஒரு நூல் அளவு மடிப்பு. அதோடு அந்தக் கட்டின் ஆயுள் முடிந்தது. இப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் உறை போட்டுவிடுகிறேன். உறை போட்டால் கட்டு தடிக்கும், பழைய பெட்டிக்குள் போகாது. அதனால்தான் டிபன் டப்பா. எக்ஸ்போர்ட் பெட்டிக்குள் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை அதற்குள் போட்டு வைக்கிறேன். புதுச் செருப்பு, புதுப் பை வாங்கும்போது வருகிற பொட்டலமே போதும், தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

இனி ஆள் கணக்கு. பெட்டியின் மேல் 2 முதல் 5 பேர் என்று அச்சிட்டிருந்தால் அதில் அந்த 2 பெரும்பாலும் விற்பனைக்காகப் போட்டது. ஊனோ சீட்டாட்டத்தை இருவர் ஆடிப் பாருங்கள். திசையைத் திருப்புகிற சீட்டுக்கு வேலையே இல்லை, அது எதிராளியைத் தாண்டிவிடுகிற சீட்டாகிவிடும். லவ் லெட்டர், முதல் பதிப்பில் மொத்தமே 16 சீட்டில் செய்த அழகான ஆட்டம். நான்கு பேர் இருந்தால் களைகட்டும், இருவர் என்றால் யார் கையில் என்ன என்று ஊகிப்பதில் ருசி இல்லை. கட்டான் என்ற ஆட்டம் மூவருக்குக் குறைந்தால் ஆகாது. இருவருக்கென்றே செய்த ஆட்டங்களைத் தேடுங்கள். பெட்டியின் மேல் ஒரே எண்ணாக 2 என்று இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்களில் யார் எப்படித் தோற்பார் என்பது. இதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. என் மனைவி தோற்றால் சிரிப்பாள், இன்னொரு ஆட்டம் கேட்பாள். நான் தோற்றால் அந்தச் சீட்டு வந்திருந்தால், இந்தச் சீட்டு வந்திருந்தால் என்று ராத்திரி பதினொரு மணி வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகிற ஆட்டம் ஆகாது. ஒன்றரை மணி நேரம் மூளையைக் கசக்கித் தோற்றால் வலிக்கும். இருபது நிமிடத்தில் தோற்றால் சீட்டைக் கலைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும், பழி போட ஓர் ஆள் வேண்டுமல்லவா.

இத்தனையும் தாண்டி எங்கள் மஞ்சப்பையில் நிலைத்தவை சில.

ஹைவ் பாக்கெட். 2001இல் ஜான் யியானி என்பவர் உருவாக்கிய ஹைவ் ஆட்டத்தின் சின்ன வடிவம். பலகை கிடையாது. அறுகோணக் காய்கள், ஆளுக்குப் பதினொன்று. ராணித் தேனீ ஒன்று, சிலந்தி இரண்டு, வண்டு இரண்டு, வெட்டுக்கிளி மூன்று, எறும்பு மூன்று. எதிராளியின் ராணியை ஆறு பக்கமும் சூழ்ந்துவிட்டால் வெற்றி. ராணியை நான்காவது முறைக்குள் இறக்கியாக வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற காய்க்கூட்டத்தை இரண்டாகப் பிளக்கும்படி எந்தக் காயையும் நகர்த்தக் கூடாது. பொறிவண்டும் கொசுவும் கூடவே வரும். முதல் பயணத்தில் அவற்றை வீட்டில் வைத்துவிடுங்கள். கெட்டியான காய்கள், காற்றுக்கு அசையாது, காபி கொட்டினால் கழுவிக்கொள்ளலாம். பாறைமேல், படிக்கட்டில், இருவருக்கும் நடுவே கிடக்கிற சூட்கேஸ்மேல், எங்கே வேண்டுமானாலும் ஆடலாம். மறைப்பு எதுவும் இல்லாததால் பக்கத்தில் உட்கார்ந்தும் ஆடலாம். ஒரே குறை, அதிர்ஷ்டத்துக்கு இதில் துளியும் இடமில்லை. இருவரில் ஒருவர் கெட்டிக்காரராக இருந்தால் அவரே ஜெயித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அது நான் இல்லை.

லாஸ்ட் சிட்டீஸ். ரைனர் க்னிட்சியா உருவாக்கி 1999இல் வந்தது. பழைய பதிப்பில் ஐந்து நிறம், நிறத்துக்குப் பன்னிரண்டு, ஆக 60 சீட்டு. இரண்டு முதல் பத்து வரை எண்கள், அவற்றோடு கைகுலுக்குகிற படம் போட்ட பந்தயச் சீட்டு மூன்று. ஒவ்வொரு நிறத்திலும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு ஏறிக்கொண்டே அடுக்க வேண்டும், பின்னால் திரும்ப முடியாது. ஒரு நிறத்தைத் தொடங்கிவிட்டாலே 20 கடன். கைகுலுக்கல் வைத்துத் தொடங்கினால் லாபமும் இரட்டிப்பு, நட்டமும் இரட்டிப்பு. ஒருநாள் இரவு என் மனைவி நீலத்தில் கைகுலுக்கலை வைத்து, நான்கு வைத்து, ஏழு வைத்தாள். எட்டும் ஒன்பதும் பத்தும் என் கையில். எனக்கு நீலமே வேண்டாம், ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து கணக்குப் போட்டோம். நான்கும் ஏழும் பதினொன்று, இருபது போனால் கடன் ஒன்பது, இரட்டித்தால் பதினெட்டு. "மூன்று சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு முகத்தை எப்படி அப்படி வைத்திருந்தீர்கள்? மில்காரரிடம் காகித விலை பேசும்போது இது வராதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கணக்கெழுத ஒரு பென்சிலும் துண்டு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுகள் வழக்கமானவற்றைவிடப் பெரியவை. ஐந்து வரிசை விரிக்க இரண்டடி இடம் தாராளமாக வேண்டும், தங்குமிட டீப்பாய் போதாது.

அதற்கு நாங்கள் கண்ட வழி ஜமக்காளம். பவானியில் ஒருவர் உட்காரும் அளவுக்குச் சின்ன ஜமக்காளம் ஒன்று வாங்கினோம். கட்டிலின்மேல் விரித்தால் அதுவே மேசை. கண்ணாடி மேசையில் ஒட்டிக்கொண்டு நகத்துக்கு அகப்படாத சீட்டு, இதன்மேல் ஓரத்தை அழுத்தினால் தூக்கிக்கொள்ளும். அதிலுள்ள பட்டைக் கோடுகள் சீட்டை நேர்வரிசையில் வைக்கக் கோடு கிழித்துக் கொடுத்தது போல் இருக்கும். சுருட்டினால் டிபன் டப்பாவைச் சுற்றிக்கொள்ளும். தனியாக விற்கிற ரப்பர் விரிப்பு வாங்கவே வேண்டியதில்லை.

ஜெய்ப்பூர் என்ற ஆட்டம் 2009இல் வந்தது, 55 சீட்டு. சந்தையில் தோல், துணி, மசாலா, வெள்ளி, தங்கம், வைரம் வாங்கி விற்கிற வியாபாரம். முதலில் விற்கிறவருக்கு நல்ல விலை, தாமதித்தால் விலை இறங்கும். ஆனால் ஒரே சரக்கை மொத்தமாகச் சேர்த்து விற்றால் கூடுதல் பரிசு. திருப்பூர்க்காரனுக்கு விளக்கவே வேண்டாத ஆட்டம். அதில் வருகிற ஒட்டகச் சீட்டுகளுக்குப் பதிலாகக் காங்கேயம் காளை என்று வைத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும். அட்டை வில்லைகளைப் பொருள்வாரியாகச் சின்ன ஜிப் உறைகளில் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தைவிட அடுக்குவதற்கு அதிக நேரமாகும்.

சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் எதிரெதிர் ஆட்டமே வேண்டாம், சேர்ந்து ஆடுவது வேண்டும். தி மைண்ட் அதற்கு. 2018இல் வந்த ஆட்டம். ஒன்று முதல் நூறு வரை எண் போட்ட சீட்டுகள். முதல் நிலையில் ஆளுக்கு ஒரு சீட்டு, இரண்டாம் நிலையில் இரண்டு, இப்படி ஏறும். இருவரும் பேசாமல், சாடை காட்டாமல், கையிலுள்ள எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக நடுவில் போட வேண்டும். இருவருக்குப் பன்னிரண்டு நிலை. நாங்கள் எட்டைத் தாண்டியதில்லை. ஒருநாள் கரண்ட் போய், டார்ச்சைக் கூரைக்குக் காட்டி வைத்துவிட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்தபடி உட்கார்ந்திருந்தோம். என் கையில் 61, போடலாமா வேண்டாமா என்று தவிப்பு. சாப்பாடு கொண்டுவந்த பையன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் என் மனைவியைத் தனியாகப் பார்த்து, "அக்கா, எல்லாம் சரியாகிவிட்டதா?" என்று விசாரித்தானாம். அவளிடம் 58 இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோட்நேம்ஸ் டூயட்டும் சேர்ந்து ஆடுகிற வகைதான். ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்களைப் பரப்பி, ஒரே சொல்லையும் அது எத்தனை சொற்களுக்குப் பொருந்தும் என்ற எண்ணையும் குறிப்பாகக் கொடுத்து, மற்றவரைச் சரியான சொற்களைத் தொடவைக்க வேண்டும். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரே சீட்டின் இரண்டு பக்கத்தைப் பார்த்துக் குறிப்புக் கொடுப்பார்கள், கண்டுபிடிக்க வேண்டியவை மொத்தம் 15. கடையில் கிடைப்பதில் ஆங்கிலச் சொற்கள், எங்களுக்கு ஒட்டவில்லை. அந்தக் குறிச்சீட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டறையில் மிஞ்சிய டூப்ளெக்ஸ் அட்டையில் தீப்பெட்டி அளவில் இருநூறு துண்டு வெட்டி நானே எழுதினேன். சந்தகை, ஒப்பிட்டு, ஊதாங்குழல், தறி, குடை, கடன், கொள்ளு, சித்திரை. அதன்பிறகுதான் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. "பெரியப்பா, இரண்டு" என்று குறிப்புக் கொடுத்தாள். குடையையும் கடனையும் யோசிக்காமல் தொட்டேன். எந்தப் பெரியப்பா, எப்போது வாங்கினார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செலவழித்தால் உங்கள் வீட்டுச் சொற்களோடு இதைச் செய்துகொள்ளலாம்.

காசு செலவழிக்காமல் ஒன்று வேண்டுமானால் ஆடுபுலி. இதைவிட இருவருக்கென்று அளந்து செய்த ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. கோயில் மண்டபக் கல்லில் கோடு வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக 23 சந்திப்பு, புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்குவார், பதினைந்தும் இறங்கிய பிறகே ஆடு நகரலாம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். மூன்று புலியையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆடு வென்றது. எத்தனை ஆடு விழுந்தால் புலி வென்றது என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் முறையையும் உங்கள் மாமனார் ஊர் முறையையும் பஸ் ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை புலி, ஒருமுறை ஆடு என்று இரண்டு ஆட்டம் சேர்ந்ததே ஒரு சுற்று என்று வைத்தால் யாருக்கும் குறை இருக்காது. நான் துணியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பனியன் துணியில் போடாதீர்கள், இழுபட்டுக் கோடெல்லாம் கோணும். காடாத் துணி அரை மீட்டர் வாங்கி, அழியாத மார்க்கரால் போடுங்கள். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் சட்டைப் பொத்தான். மடித்தால் கைக்குட்டை.

தாயத்தை எடுத்துப் போகலாமா என்று கேட்டால், நேரம் இருந்தால் எடுத்துப் போங்கள். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கிறவர்கள் ஆடுகிற ஆட்டம், சீக்கிரம் முடியாது. பித்தளைக் கட்டையை டைல்ஸ் தரையில் உருட்டினால் பக்கத்து அறைக்காரர் எழுந்து வந்துவிடுவார், ஜமக்காளத்தின் மேல் உருட்டுங்கள். பேட்ச்வொர்க் நல்ல ஆட்டம்தான், துணித் துண்டுகளை ஒட்டுப்போடுகிற கதையும் எங்கள் ஊருக்குப் பொருத்தம். ஆனால் துண்டுகளை வட்டமாகச் சுற்றி அடுக்க முழு மேசை வேண்டும், அதனால் அது வீட்டிலேயே இருக்கிறது. எதுவுமே வாங்க மனமில்லையென்றால் கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு ஒன்று போதும். ஆளுக்குப் பத்துச் சீட்டு வைத்து இருவர் ரம்மி ஆடலாம்.

மூன்று நாளுக்கு மூன்று ஆட்டம், அதற்கு மேல் வேண்டாம். பயணத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, சேர்ந்து ஆட ஒன்று. புது ஆட்டமானால் வீட்டில் இரண்டு முறையாவது ஆடிப் பாருங்கள். விதிப்புத்தகத்தை மலையில் போய்ப் பிரித்தால் சந்தேகம் கேட்க இணையமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. நான் விதிகளைத் தமிழில் அரைப்பக்கம் எழுதி டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவிடுவேன். வாதம் வந்தால் மூடிதான் நீதிபதி.

அறையைக் காலி செய்யும்போது காய்களை எண்ணுங்கள். கட்டிலுக்கு அடியிலும், முக்கியமாகப் போர்வை மடிப்பிலும் பாருங்கள். எங்கள் வெள்ளைச் சிலந்தி ஒன்று அப்படித்தான் ஏற்காட்டில் தங்கிவிட்டது. அதன் இடத்தில் இப்போது ஒரு பெரிய கோட்டுப் பொத்தான் நிற்கிறது. ஊர் வந்து சேர்ந்ததும் டப்பாவை அப்படியே பரணில் போடாமல், சீட்டுகளை விசிறிபோல் விரித்து ஒருநாள் நிழலில் ஆறவிடுங்கள். வெயிலில் போட்டால் மறுபக்கம் வளையும். நான் ஒருமுறை மொட்டைமாடியில் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் அறுபது சீட்டும் அப்பளம் போல் சுருண்டு கிடந்தன. "பொரித்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.